கடுக்கும் என் நெஞ்சம்

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, குமுளி ஊர்ப் பெரியோர்களே, கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் மலையேறி வந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் என் வணக்கம். நெஞ்சைக் கலக்கும் கனவொன்றின் பொருளைக் காட்டுவது அதில் வரும் சின்னங்களா, அது எழுப்பும் உணர்ச்சிகளா என்ற இந்த வழக்கில், உணர்ச்சிகளே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி அம்மையார், பாம்பு வந்தால் பகை, பல் விழுந்தால் வீட்டில் சாவு, கல்யாணம் கண்டால் இழவு என்று நம் பாட்டிமார் சொல்லி வந்ததையும், கனவுப் பலன் என்று பஞ்சாங்கங்களில் அச்சாகி வருவதையும் எடுத்துக் காட்டி, இத்தனை தலைமுறை அறிவு பொய்யாகுமா என்று கேட்டார். கனவுக்குப் பொருள் கண்ட மேதை என்று சிக்மண்ட் பிராய்டையும் துணைக்கு அழைத்தார். இரண்டுக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

இந்த மேடையிலிருந்து கூப்பிடு தூரத்தில் கேரள எல்லைச் சோதனைச் சாவடி இருக்கிறது. அதற்கு அந்தப் பக்கம் ஒரு மலையாளத் தாய் பாம்பைக் கனவில் கண்டால், சர்ப்பக்காவு என்னும் நாகத் தோப்பில் 'நூறும் பாலும்' என்ற வழிபாட்டை நேர்ந்துகொள்கிறார். இந்தப் பக்கம் நம் வீட்டுத் தாய் புற்றுக்குப் பாலும் முட்டையும் வைக்கிறார். இன்னொரு வீட்டிலோ, பாம்பு கடித்து ரத்தம் வந்ததாகக் கனவு கண்டால் பிடித்த சனி விட்டது என்று நிம்மதியாக அடுப்பைப் பற்ற வைக்கிறார்கள். ஒரே பாம்பு, ஒரே மலை, மூன்று பலன்கள். கண்டவருக்குள் என்ன நடந்தது என்று கேட்காமல், இந்த மூன்றில் எது அவருக்கு உரியது என்று எந்தப் பஞ்சாங்கத்தாலும் சொல்ல முடியாது.

எங்கள் வீட்டுக்கு மேல் வளைவில் குடியிருக்கும் ஓர் அக்காவின் கனவை, அவருடைய அனுமதியோடு இங்கே சொல்கிறேன். ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கும் வேலை அவருக்கு. கனவில் அவருடைய பற்கள் ஒவ்வொன்றாகக் கழன்று உள்ளங்கையில் விழுந்திருக்கின்றன. பார்த்தால் அவை பச்சை ஏலக்காயைப் போல ஈரமாக, கூர்முனையோடு இருந்திருக்கின்றன. கங்காணி வருவதற்குள் அவற்றை முந்தானையில் முடிந்து மறைக்கப் பார்க்க, முடிச்சு அவிழ்ந்து அவிழ்ந்து போக, சுற்றி நின்ற பெண்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். விடிந்ததும் அவர் கேட்ட முதல் ஆள், பல் விழுந்தால் சாவு என்று சொல்லிவிட்டார். அன்று முதல் பத்து நாள் அந்த அக்கா சரியாகச் சாப்பிடவில்லை. திருப்பூரில் வேலை செய்யும் மகனுக்கு ஒரு நாளைக்கு நான்கு முறை போன் செய்து, வண்டியில் ஏறாதே, ராத்திரி வெளியே போகாதே என்று அழுதிருக்கிறார்.

நான் அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அக்கா, பல் விழும்போது உங்களுக்கு எப்படி இருந்துச்சு?" அவர் வெகுநேரம் பேசவில்லை. முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "பயமா இல்லம்மா. மானம் போற மாதிரி இருந்துச்சு." அதன் பின்னால்தான் மற்றது எல்லாம் வெளியே வந்தது. மகளிர் குழுவில் வாங்கிய கடனுக்கு இரண்டு தவணை கட்டவில்லை. அடுத்த கூட்டத்தில் எல்லார் முன்னாலும் எழுந்து நிற்க வேண்டும். வீட்டுக்காரருக்கு இது தெரியாது. நடுவர் அவர்களே, பல் என்ற சின்னம் அவரை இல்லாத சாவுக்கு அழைத்துச் சென்றது. அந்தக் கூச்சம்தான் அவரை உண்மையான கடனிடம் கொண்டுவந்து நிறுத்தியது.

பிராய்டுக்கு வருகிறேன். 1900 என்று ஆண்டு குறித்து வெளிவந்த கனவு பற்றிய தம் பெருநூலில், கனவில் வரும் காட்சிகள் இடம் மாறவும் ஒன்றுக்கு ஒன்று பதிலியாக வரவும் செய்கின்றன, ஆனால் உணர்ச்சியோ மாறாமல் நிற்கிறது என்று எழுதியவர் அவர்தான். கனவில் திருடர்களுக்கு அஞ்சினால், திருடர்கள் கற்பனையே, அச்சமோ உண்மை என்று தமக்கு முன்னிருந்த ஓர் அறிஞர் சொன்னதையும் அங்கே எடுத்தாள்கிறார். சின்னங்களுக்குப் பொருள் சொன்னவரும் அவரே என்பதை நான் மறுக்கவில்லை. எனினும் இந்த இடத்தில் அவருடைய சாட்சியம் எங்கள் அணிக்கே உரியது. பின்னாளில் எர்னஸ்ட் ஹார்ட்மன் என்ற மனநல மருத்துவர், தீ விபத்து போன்ற கொடுமைகளிலிருந்து தப்பியவர்கள், தங்களுக்கு நேராத பேரலை ஒன்று வந்து அடித்துச் செல்வதாகக் கனவு காண்பதை எடுத்துக்காட்டினார். தீயில் தப்பியவருக்கு நீர் வருகிறது. சின்னத்தைப் பிடித்துக்கொண்டு போனால் கடற்கரைக்குத்தான் போய்ச் சேர்வோம். "தப்ப வழியில்லை" என்ற திகிலைப் பிடித்தால்தான் அந்தத் தீக்கு வருவோம். கனவு மிகுந்த உறக்க நிலையில் அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா என்னும் மூளைப் பகுதி விழிப்பாகவும், சீர்தூக்கிப் பார்க்கும் முன்மூளைப் பகுதி அடங்கியும் இருப்பதை மூளைப் படங்களும் காட்டியிருக்கின்றன.

இவ்வளவு தூரம் போகாமல் நம் மலைக்கே வருகிறேன். ஆண்டுக்கு ஒரு நாள், சித்ரா பௌர்ணமியன்று, காட்டு வழியே ஜீப்பேறி மங்கலதேவி கண்ணகி கோட்டத்துக்குப் போகிறோமே, அந்தக் கண்ணகியும் நெஞ்சைக் கலக்கும் கனவு கண்டவள்தான். சிலப்பதிகாரத்தின் கனாத்திறம் உரைத்த காதையில் தோழி தேவந்தியிடம் அதைச் சொல்லத் தொடங்கும்போது, "கடுக்கும் என் நெஞ்சம்", அதாவது என் நெஞ்சம் ஐயுறுகிறது என்றே தொடங்குகிறாள். காட்சி அதன் பிறகுதான் வருகிறது: கணவன் கைப்பிடித்துச் செல்ல ஒரு பெரிய ஊருக்குள் போனோம், அங்குள்ளவர்கள் இடுதேள் இட்டதுபோல் என்மேல் பொருந்தாத பழியொன்றைச் சுமத்தினார்கள் என்கிறாள். இடுதேள் என்பது என்ன? தேளல்லாத ஒன்றை மறைத்துக் கொண்டுவந்து ஒருவர் மேல் போட்டு அஞ்சச் செய்வது என்று உரை கூறுகிறது. தேள் பொய், துடிப்பு மெய். இதைவிடக் கூர்மையாக எங்கள் வாதத்தை எவரும் சொல்லிவிட முடியாது.

தேவந்தி என்ன செய்தாள்? தோழி மேல் கொண்ட அன்பினால்தான், முற்பிறப்பில் கணவனுக்காக நோற்க வேண்டிய நோன்பில் தவறினாய், சோமகுண்டத்திலும் சூரியகுண்டத்திலும் மூழ்கிக் காமவேளைத் தொழு, குறை தீரும் என்றாள். கனவு கண்டவளின் நெஞ்சு எதற்காகக் கடுத்தது என்று ஒரு சொல் கேட்கவில்லை. "பீடன்று", அது பெருமையன்று என்று கண்ணகி மறுத்துவிட்டாள். மதுரையில் நடந்தது எது என்பதை இந்த அவை அறியும். பரிகாரம் சொன்னவளை விட, பதைத்தவளின் நெஞ்சே சரியாக அறிந்திருந்தது.

அந்த ஏலத்தோட்டத்து அக்கா கூட்டத்துக்கு முந்தைய நாளே குழுத் தலைவியிடம் போய்ப் பேசினார். தவணையைப் பிரித்துக் கட்ட ஒப்புக்கொண்டார்கள். அவர் இதோ, மூன்றாவது வரிசையில் மகனோடு அமர்ந்திருக்கிறார். கனவின் பொருளைச் சொல்வது உணர்ச்சியே என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களை வேண்டி அமர்கிறேன். நன்றி, வணக்கம்.