படகில் தண்ணீர் யார் வைத்திருந்தார்கள்?

(பினாங்கு ஜார்ஜ் டவுனில், சிறார் நூல் வாசிப்புக் கூட்டமொன்றில் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களுக்கும், முன்னால் பாயில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

என் தாத்தா ரயில் ஏறமாட்டார். சுங்கை பட்டாணியிலிருந்து பட்டவொர்த்துக்கு வருவதென்றாலும் பஸ்தான். பஸ் இல்லையென்றால் பயணமே இல்லை. ஏன் என்று கேட்டால் அம்மா அதட்டுவார். "சின்னப் பிள்ளைங்க அதெல்லாம் கேக்கக் கூடாது." கேட்கக் கூடாது என்றால் அது கெட்ட விஷயமாகத்தானே இருக்க வேண்டும்? தாத்தா எப்போதோ ரயிலில் திருடிப் பிடிபட்டவர் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். பத்து வயதுவரை அப்படித்தான் நம்பினேன். அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்துத் தரும் மிட்டாயைக் கையில் வாங்கும்போதுகூட, இது யாருடையதோ என்று ஒரு நினைப்பு வந்து போகும்.

அவர் ரயில் பாதை போடச் சயாமுக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்கு, பிடித்துக்கொண்டு போகப்பட்டவர். ஜப்பானியர் மலாயாவை ஆண்ட காலத்தில் போனவர், பிழைத்துத் திரும்பியவர். அவரைத் திருடன் என்று நினைத்து நான் வளர்ந்ததற்கு யாரும் சொன்ன பொய் காரணமில்லை. யாரும் எதுவும் சொல்லாததுதான் காரணம்.

போரையும் அகதி வாழ்வையும் பேசும் சிறுவர் நூல்களைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். வகுப்பில் அப்படி ஒரு புத்தகத்தை எடுத்தால் மறுநாளே ஒரு பெற்றோர் வந்து நிற்பார். "டீச்சர், இந்த வயசுல பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு?" அக்கறையோடு கேட்கும் கேள்விதான். அதற்கு என் பதில் அந்த மிட்டாயிலிருந்து தொடங்குகிறது. நாம் சொல்லாமல் விட்ட இடத்தைப் பிள்ளை சும்மா விடாது. தானாக ஒன்றைக் கட்டிக்கொள்ளும். அது பெரும்பாலும் உண்மையைவிட மோசமாக இருக்கும்.

பிள்ளைகளின் இந்தத் துயரம் நம் மொழிக்குப் புதிதா என்ன? புறநானூற்றின் 112-ஆம் பாட்டு யாருடையது? பாரி மகளிர் பாடியது. மூவேந்தர் பறம்பை முற்றுகையிட்டார்கள், பாரி மாண்டான், மலை போயிற்று. அந்தப் பெண்கள் சொல்வது ஐந்தே அடி. போன மாதம் இதே நிலா வெளிச்சத்தில் எங்களுக்கு அப்பா இருந்தார், எங்கள் குன்றும் எங்களிடம் இருந்தது; இந்த மாதம் இதே நிலா, குன்றும் இல்லை, அப்பாவும் இல்லை. அவ்வளவுதான். ஏன் படையெடுத்தார்கள் என்ற விளக்கம் ஒரு சொல் கிடையாது. அதற்குப் பிறகு கபிலர் அந்தப் பெண்களை அழைத்துக்கொண்டு விச்சிக்கோன் என்ற சிற்றரசனிடம் போனார், இருங்கோவேள் என்ற சிற்றரசனிடம் போனார். வாசல் திறக்கவில்லை. தேர்வுக்காக இந்தப் பாட்டை மனப்பாடம் செய்கிறோம். அகதிப் பெண்கள் இருவரின் குரல் என்று சொல்லி நான் ஒருநாளும் வகுப்பில் நடத்தியதில்லை. முப்பது ஆண்டுகள் நடத்தினேன். இப்போது நினைத்தால் வலிக்கிறது.

ஜூடித் கெர் என்றொரு எழுத்தாளர். அப்பா பெர்லினில் நாடக விமர்சகர், நாஜிகளை எதிர்த்து எழுதியவர், யூதர். 1933 மார்ச்சில் குடும்பம் ஜெர்மனியை விட்டு ஓடியது. ஜூடித்துக்கு அப்போது ஒன்பது வயது. அந்த வாழ்க்கையை 1971-இல் சிறுவர் கதையாக எழுதினார். கதையில் அந்தச் சிறுமி ஒரே ஒரு பொம்மையைத்தான் எடுத்துப் போகலாம். புதிதாக வந்த கம்பளி நாயை எடுத்துக்கொண்டு, பழைய இளஞ்சிவப்பு முயலை விட்டுவிடுகிறாள். சீக்கிரம் திரும்பிவிடுவோம் என்ற நினைப்பு. திரும்பவில்லை. எட்டு வயதுப் பிள்ளைக்கு ஹிட்லரைப் புரிய வைப்பது கடினம். தப்பான பொம்மையை எடுத்து வந்துவிட்டோமே என்ற தவிப்பை விளக்கவே வேண்டாம்.

அடுத்து நான் சொல்லப்போவதில் சிலருக்கு மனத்தாங்கல் வரலாம்.

காகிதக் கொக்கு மடிக்காத பிள்ளை இந்த மண்டபத்தில் இருக்காது. ஹிரோஷிமாவின் சடாகோ சசாகிக்காக மடிக்கிறோம். 1945 ஆகஸ்ட் 6-இல் குண்டு விழுந்தபோது அவளுக்கு இரண்டு வயது. 1955-இல் ரத்தப் புற்றுநோய். ஆயிரம் கொக்கு மடித்தால் நினைத்தது நடக்கும் என்பது அங்குள்ள நம்பிக்கை. ஆஸ்பத்திரியில் மருந்து சுற்றி வந்த தாளில்கூட மடித்தாள். அந்த ஆண்டு அக்டோபர் 25-ஆம் தேதி இறந்தாள். பன்னிரண்டு வயது. நம் பிள்ளைகள் படிக்கும் கதையை எலினார் கோர் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1977-இல் எழுதினார். அதில் அவள் 644 கொக்குகளோடு நின்றுவிடுகிறாள். மீதியைத் தோழிகள் மடித்து முடிக்கிறார்கள். வாசிக்கும்போது நானும் அழுதிருக்கிறேன். ஆனால் அவளுடைய குடும்பத்தார் சொல்வதும், ஹிரோஷிமா நினைவு அருங்காட்சியகம் சொல்வதும் வேறு. சடாகோ ஆயிரத்தைத் தாண்டி மடித்தாள்.

இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்பீர்கள். நிறைய இருக்கிறது. 644-இல் நின்றால் பிள்ளை மனத்தில் ஒரு கணக்கு ஓடும்: "அய்யோ, இன்னும் 356 மடிச்சிருந்தா பொழைச்சிருப்பாளே." வகுப்பில் ஒரு பையன் இதையே என்னிடம் சொன்னான். ஏன் யாரும் முன்னாடியே உதவி செய்யவில்லை என்று தோழிகள் மேல் கோபப்பட்டான். நடந்ததோ இதைவிடக் கடினம். அந்தப் பிள்ளை கேட்டதையெல்லாம் செய்து முடித்தாள், அதற்குப் பிறகும் மடித்துக்கொண்டே இருந்தாள், ஆனாலும் பிழைக்கவில்லை. குண்டு கணக்குப் பார்க்காது. இதைப் பிள்ளையிடம் சொல்லலாமா என்றால், சொல்லலாம் என்பேன். பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு சொல்லலாம். பிள்ளைக்காக உண்மையைச் சற்றே அழகாக்குகிற கை, தனக்குத் தெரியாமலே பழியைப் பாதிக்கப்பட்டவர்களின் மேல் தள்ளிவிடுகிறது.

இன்னொன்றும் மனத்தை அரிக்கிறது. சடாகோவுக்காகக் கொக்கு மடிக்கிறோம், மடிக்கத்தான் வேண்டும். அவள் எந்த நாட்டுப் பிள்ளையாக இருந்தால் என்ன? ஆனால் அதே போர் இந்தத் தெருவுக்கும் வந்தது. 1941 டிசம்பர் 11-இல் ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ் டவுன் மேல் பறந்தபோது, ஜனங்கள் வேடிக்கை பார்க்கத் தெருவுக்கு வந்து நின்றார்கள். குண்டு விழுந்தது. சில நாளில் வெள்ளைக்காரர்கள் தங்கள் ஆட்களை மட்டும் கப்பலேற்றிக்கொண்டு சத்தமில்லாமல் போய்விட்டார்கள். ஊரைத் தாங்கிப் பிடிக்க முன்வந்தவர்களில் ஒருவர் நம் ஆள்: பத்திரிகை ஆசிரியர் சரவணமுத்து, இலங்கைத் தமிழர். கார்ன்வாலிஸ் கோட்டையில் பிரிட்டிஷ் கொடியை இறக்கியவர் அவர். அந்தக் கோட்டைக்கு இங்கிருந்து நடந்தே போய்விடலாம். பள்ளிச் சுற்றுலாவில் பீரங்கியோடு படம் எடுத்துக்கொள்கிறோம், திரும்பிவிடுகிறோம்.

பிறகு சயாம். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி (டாலர்) கூலி என்று ஜப்பானியர்கள் தோட்டம் தோட்டமாக ஆள் சேர்த்தார்கள். வராதவர்களை லாரியில் அள்ளினார்கள். தாய்லாந்திலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் தண்டவாளம். 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்துவிட்டார்கள். 60,000-க்கும் மேற்பட்ட போர்க்கைதிகள் வேலை செய்தார்கள். அவர்களில் 12,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் 180,000-க்கும் மேல். அவர்களில் இறந்தவர்கள் ஏறத்தாழ 90,000 என்று மதிப்பிடுகிறார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் அதில் பெரும் பங்கு. மலேரியா, பசி, காலில் அழுகும் புண், 1943-இல் காலரா.

தாத்தா கடைசிக் காலம்வரை, ராத்திரி படுக்கப் போகும் முன் அடுப்படிக்கு வந்து ஒன்றே ஒன்று கேட்பார். "தண்ணி கொதிச்சுச்சா?" கொதித்தது என்று பாட்டி சொன்னால் போதாது. மூடியைத் திறந்து கையை மேலே நீட்டி ஆவியைப் பார்ப்பார். வயசானவர் தொணதொணப்பு என்று சிரித்திருக்கிறோம். காலரா முகாமில் கொதிக்காத தண்ணீர் என்ன செய்யும் என்று பின்னாளில் படித்தபோதுதான் அந்த மூடி எனக்குப் புரிந்தது.

பெரியவர்களுக்கு இதை எழுதியிருக்கிறார்கள். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவல் இருக்கிறது. பத்து வயதுப் பிள்ளையின் கையில், படத்தோடு, இருபது பக்கத்தில் கொடுக்க என் அலமாரியில் ஒன்றுமில்லை. போலந்துப் பிள்ளைக்கு இருக்கிறது, வியட்நாம் பிள்ளைக்கு இருக்கிறது. எங்கள் தோட்ட லயத்துப் பிள்ளைக்கு இல்லை.

இரண்டு ஆண்டுகளாக, சனிக்கிழமைகளில், மியன்மாரிலிருந்து தப்பி வந்த ரோஹிங்கியா அகதிப் பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் காட்டப் போகிறேன். மலேசியா 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. அந்தப் பிள்ளைகள் அரசுப் பள்ளியில் சேர முடியாது. கடைவீட்டு மாடியில் ஒரு கற்றல் மையம், ஒரு மின்விசிறி, நாற்பது பிள்ளைகள். படகில் தப்பிப் போகும் குடும்பத்தைப் பற்றிய படக்கதை ஒன்றைக் கொண்டுபோனேன். அழகான படங்கள். நிலா, அலை, வெள்ளைப் பறவை. வாசித்து முடித்ததும் ஏழு வயதுப் பெண் ஒருத்தி மலாயில் கேட்டாள்: "படகில் தண்ணீர் யார் வைத்திருந்தார்கள்?"

பக்கம் பக்கமாகப் புரட்டினோம். தண்ணீர் எங்கும் வரைந்திருக்கவில்லை. அவள் பென்சில் கேட்டாள். படகின் பின்பக்கம் ஒரு பிளாஸ்டிக் டப்பா வரைந்தாள். அதன்மேல் கை வைத்தபடி ஒரு பெண். அம்மாவா என்று கேட்டேன். இல்லை, இன்னொருத்தருடைய அம்மா என்றாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அந்த மாதிரி இடத்தில் நிறுத்திக்கொள்ளப் பெரியவர்கள் பழக வேண்டும். பிள்ளை தானாகச் சொல்வதைக் கேட்கலாம்; தோண்டக் கூடாது.

எழுத நினைக்கும் இளையவர்கள் இங்கே இருக்கிறீர்கள். உங்களிடம் கேட்பது இது. 'அகதி' என்ற சொல்லைப் பாருங்கள்: கதியற்றவர். 'ஏதிலி' என்றாலும் ஏதும் இல்லாதவர். சொல்லே இல்லாமையைத்தான் சொல்கிறது. உங்கள் கதை அந்தச் சொல்லில் தொடங்க வேண்டாம். அந்தப் பிள்ளையிடம் இருந்ததில் தொடங்குங்கள்: ஒரு டப்பா, ஒரு கம்பளி நாய், தங்கச்சிக்குப் பாடிய ஒரு பாட்டு. 2020-இல் ரோஹிங்கியா மக்களைப் பற்றி இந்நாட்டு இணையத்தில் வந்த வெறுப்புச் சொற்களில் சில நல்ல தமிழில் இருந்தன. அதை எழுதியவர்களில் யாருடைய கொள்ளுத் தாத்தா சயாம் லாரியில் ஏறினாரோ, அவருக்கே தெரிந்திருக்காது. வீட்டில் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

தாய்லாந்தின் காஞ்சனாபுரியில், அந்த ரயில் பாதை வேலையில் இறந்த போர்க்கைதிகளின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஏறத்தாழ 7,000 கல்லறைகள். பெயர், வயது, படைப்பிரிவு எல்லாம் பொறித்திருக்கிறார்கள். வெட்டிய புல், பூச்செடி. வரிசை வரிசையாக நடந்தேன். தமிழ்ப் பெயரைத் தேடிப் பயனில்லை என்று தெரிந்தும் தேடினேன்.

நானும் இரண்டு ஓவியர்களும் சேர்ந்து அந்த இருபது பக்கப் புத்தகத்தைத் தொடங்கியிருக்கிறோம். ஒரு பேத்தி, ஒரு தாத்தா, அடுப்பில் கொதிக்கும் தண்ணீர். கதை எழுதியாகிவிட்டது. முன் அட்டையின் உட்புறம் முழுக்கப் பெயர்களால் நிரப்ப நினைக்கிறோம். அதற்கு என்னிடம் இப்போது பதினொரு பெயர்தான் இருக்கிறது.

வாசல் மேசையில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். உங்கள் குடும்பத்திலிருந்து சயாமுக்குப் போனவர் பெயர், தோட்டத்தின் பெயர், உங்களுக்கு என்ன முறை; இவ்வளவு போதும். முழுப் பெயர் தெரியாவிட்டால் வீட்டில் கூப்பிட்ட பெயரைக் கொடுங்கள். பெயரே தெரியாதென்றால் 'பாட்டியின் அண்ணன்' என்று போடலாம். பென்சிலைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். பெரியவர்கள் பக்கத்தில் நின்று சொல்லுங்கள், அவர்கள் எழுதட்டும்.