எக்ஸ்கொம் 2க்கு ரிவியூக்காரர் குடுத்த 88 நியாயமோ?

[திரையில: கீபோர்ட்டில கெப்ஸ் லொக் மட்டும் கிட்டத்தில]

இந்தக் கீயை வடிவாப் பாருங்கோ. 2016 பெப்ரவரியில எக்ஸ்கொம் 2 வந்த புதுசில, மிஷனுக்கு முன்னால எங்கட ஆக்கள் விமானத்துக்குள்ள வரிசையா இருந்து ஆடிக்கொண்டு வருவினம் தானே, அது தான் லோடிங், அது முடியிற மாதிரியே இருக்காது, அந்த நேரம் கெப்ஸ் லொக்கை ஒருக்கா அமத்தினா டக்கெண்டு மிஷன் தொடங்கும். பகிடி இல்லை, உண்மை. அப்பிடி வெளியில வந்த ஒரு கேமுக்குத்தான், ரிவியூக்காரர்ர பொயின்ற்ஸ் எல்லாத்தையும் சேத்து நூறுக்குக் கணக்குப் போடுற மெற்றாக்ரிற்றிக் சைற்றில பீசி ஸ்கோர் 88.

என்ர மச்சான் ஒருத்தன் இருக்கிறான், கொக்குவில்ல, அவனோட இதைப்பற்றிக் கதைக்கவே ஏலாது. "ரிவியூக்காரர் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு பொயின்ற்ஸ் போட்டிருக்கிறாங்கள் மச்சான்" எண்டுவான். ஏனெண்டு கேட்டா முதல்ல ரைமரைச் சொல்லுவான், அதாவது இத்தனை ரேர்னுக்குள்ள மிஷனை முடி எண்ட கெடு, பேந்து கேம் திக்கித் திக்கி ஓடுறதைச் சொல்லுவான், பேந்து திரும்பவும் ரைமர். ரெண்டையும் போட்டுக் குழைச்சுத்தான் அவனுக்குக் கோவம். எனக்கெண்டா அதில ஒண்டு சரி, மற்றது முழுப் பிழை.

தெரியாத ஆக்களுக்குக் கெதியாச் சொல்லுறன். 1994ல வந்த பழைய கேம் ஒண்டை ஃபிராக்சிஸ் கொம்பனி 2012ல எக்ஸ்கொம்: எனிமி அன்னோன் எண்டு புதுசாச் செய்தது. எக்ஸ்கொம் 2 அதின்ர தொடர்ச்சி. ஏலியன் வருது, நீங்கள் தான் கொமாண்டர், நாலஞ்சு பேரைக் கூட்டிக்கொண்டு போய் ரேர்ன் மாறி மாறி அடிபடுறது. ஒவ்வொருத்தருக்கும் ராங்க் ஏறும், வேலை பிரியும், பேர் வைக்கலாம், முகம் மாத்தலாம். செத்தா செத்தது தான். என்ர மச்சான்ர பேரை ஒரு ஸ்னைப்பருக்கு வைச்சிருந்தனான், மூண்டாவது மிஷன்லயே போயிட்டான், அதை அவனுக்குச் சொல்லி ரெண்டு நாள் கதைக்கேல்ல.

இப்ப ரைமருக்கு வருவம்.

2012 கேம்ல ஒரு வியாதி இருந்தது. ஓவர்வொச் எண்டு ஒரு கட்டளை, எதிரி அசைஞ்சா நாங்கள் சுடுவம். அப்ப என்ன செய்யிறது? ரெண்டு அடி நகந்து ஓவர்வொச், திரும்ப ரெண்டு அடி, திரும்ப ஓவர்வொச். இப்பிடியே ஊர்ந்து போனா கேமை வெல்லலாம், ஆனா கிளித்தட்டில முதல் பெட்டிக்குள்ளயே நிண்டு இடமும் வலமும் ஆடிக்கொண்டு தாண்டாமலே நிக்கிற ஒருத்தனைப் பாத்தா எப்பிடி இருக்கும், அப்பிடி. பாக்கிறவன் எழும்பிப் போயிடுவான். இது ஃபிராக்சிஸுக்கும் தெரியும். அந்தக் கேமுக்கு மேலதிகமா 2013ல வந்த எனிமி விதின்ல மெல்ட் எண்டு ஒரு சாமானை மப்பில அங்கங்க வைச்சாங்கள், குறிச்ச ரேர்னுக்குள்ள போய் எடுக்காட்டி அது அழிஞ்சு போகும். அதாவது "ஓடி வந்தா இனிப்புத் தருவன்" எண்ட கணக்கு. ஊர்ந்து பழகினவங்கள் இனிப்பே வேண்டாமெண்டு ஊர்ந்தாங்கள்.

அதுக்குத்தான் எக்ஸ்கொம் 2ல இனிப்பை விட்டிட்டுப் பிரம்பை எடுத்தது. கன மிஷன்ல எட்டு ரேர்னுக்குள்ள ஹக் பண்ணு, இல்லாட்டி இத்தனை ரேர்னுக்குள்ள ஆளைக் கூட்டிக்கொண்டு வெளிக்கிடு, பிந்தினா மிஷன் போச்சு. ஆனா சும்மா பிரம்பை மட்டும் தரேல்ல, இதைத்தான் மச்சான் விட்டிடுறான். கதையையே மாத்தினாங்கள்: முதல் கேம்ல நீங்கள் தோத்திட்டியள், இருபது வருஷமா ஏலியன் தான் ஆளுது, நீங்கள் ஒளிச்சிருந்து அடிச்சிட்டு ஓடுற ஆக்கள். அதால பெரும்பாலும் மிஷன் தொடங்கேக்க உங்களை எதிரிக்குத் தெரியாது. முதல் அடியை எங்க, எப்ப அடிக்கிறதெண்டு நீங்கள் தான் முடிவெடுக்கிறது. அந்த மறைவும் ரைமரும் ஒரே கையின்ர ரெண்டு விரல். முதல் கேம்ல மப் எல்லாம் கையால செய்து வைச்சது, திரும்பத் திரும்ப அதே பெற்றோல் செட் வரும், இதில துண்டு துண்டாப் பொருத்தி ஒவ்வொரு முறையும் புதுசா வரும், அதால பாடமாக்கி விளையாடவும் ஏலாது. ஒரு ரேர்ன் தான் மிச்சம், அம்பது வீதம் தான் சுடுபடும், பின்னால ஒருத்தி விழுந்து கிடக்கிறாள், அவளைத் தூக்கிறதோ கதவை உடைக்கிறதோ எண்டு தலையைச் சொறிஞ்சுகொண்டு நிக்கிற அந்த இடம் இருக்கே, ரிவியூக்காரர் பொயின்ற்ஸ் போட்டது அதுக்குத்தான். அது பிழையில்லை.

[திரையில: செக்கனுக்கு எத்தனை ஃபிரேம் படம் ஓடுது எண்ட நம்பர் கீழ விழுகுது]

ஆனா மெஷின் விசயத்தில நான் மச்சான்ர பக்கம். பெட்டியில போட்ட கணக்குப்படி குறைஞ்சது 4 ஜீபீ ராம், டிஸ்க்கில 45 ஜீபீ இடம். 45 ஜீபீயை இரவு டேட்டாவில இறக்கினவனுக்குத்தான் அந்த நம்பர்ர பாரம் தெரியும். என்ர மெஷின் அந்தக் கணக்குக்கு மேல தான், செக்கன்ட் ஹான்ட் எண்டாலும். அப்பிடியிருந்தும் சுட்டாப் பிறகு ஒரு நிறுத்தம், கமரா எங்கயோ போய்ச் சுவரைப் பாக்கும், பிறகு ஆறுதலா அடுத்த ஆள். அந்தச் சும்மா நிக்கிற நேரத்தை வெட்டுறதுக்கெண்டே "என்ர நேரத்தை வீணாக்காத" எண்ட பொருள்ல பேர் வைச்சு ஒரு மொட், அதாவது விளையாடுற ஆக்களே செய்து போடுற மாற்றம், வந்தது எண்டா பாருங்கோவன்.

ரிவியூவில இதைச் சொல்லேல்லையோ எண்டா, சொன்னவை இருக்கினம். எங்கயோ கீழ ஒரு பந்தியில, "சில இடங்கள்ல ஃபிரேம் விழுகுது, ஆனாலும்" எண்டு. அந்த ஆனாலும் தான் எனக்குப் பிரச்சினை. எந்த மெஷின்ல விளையாடினியள் எண்டதை முதல் வரியில போட்டிருந்தா அந்த 88ஐ நான் என்ர கணக்குக்கு மாத்தி வாசிச்சிருப்பன். காசு குடுத்து வாங்கிறவன்ர மேசையில என்ன கிடக்குதெண்டு ஒருத்தரும் கேக்கேல்ல. திருத்திற பாட்ச் மார்ச்சில வந்தது, சரியாத் திருந்தினது 2017 ஓகஸ்ட்டில வோர் ஒவ் த சோசன் எண்ட மேலதிகப் பகுதி வந்தாப் பிறகு, லோடிங்கும் அதோட தான் குறைஞ்சது. ஆனா ஸ்கோர் முதல் கிழமையோட எழுதி முடிஞ்சு போச்சு, அதை ஒருத்தரும் திரும்ப எடுத்துப் பாக்கிறேல்ல, நல்லதுக்கும் தான், கெட்டதுக்கும் தான்.

மறுபக்கம் கோவத்தில ஆக்கள் போட்ட மோசமான ரிவியூக்களையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பேலாது. ரைமர் பிடிக்கேல்ல எண்டா கேம்ர செற்றிங் கிடக்கிற ஐஎன்ஐ ஃபைலில நம்பரை மாத்தலாம், கேம் விக்கிற ஸ்ரீம் கடையின்ர வேர்க்ஷொப்பில இருந்து மொட்டும் போடலாம். கேம் திக்கிறதுக்கு அப்பிடி லேசான வழி அந்த நேரம் இருக்கேல்ல. நாங்களாத் தீர்க்கக்கூடிய குறைக்கும் தீர்க்கேலாத குறைக்கும் ஒரே பெருவிரலைக் கீழ காட்டினா வாசிக்கிறவன் என்னத்தை விளங்கிறது?

நான் போடுறதெண்டா கேமுக்கு 88ஐ அப்பிடியே வைச்சிருப்பன், பீசி வேர்ஷன் எண்டு தனியா எழுதி அந்த மாசத்துக்கு ஒரு எழுபது.

மச்சான் இப்ப வோர் ஒவ் த சோசன்ல ரைமரை ரெட்டிப்பாக்கிற ஒப்ஷனைப் போட்டுத்தான் விளையாடுறான். போன கிழமை ஒரு ரேர்ன் மிச்சம் இருக்கேக்க ஆளைக் கூட்டிக்கொண்டு வெளியில வந்திட்டு, பெருமையா ஸ்கிரீன்ஷொட் எடுத்து அனுப்பினவன். உற்றுப் பாத்தன். ஸ்னைப்பருக்கு என்ர பேர் வைச்சிருக்கிறான், ஆளைக் காணேல்ல, அங்கயே விட்டிட்டு வந்திட்டான்.