கேள்வி ஞானம் போதாது

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். புகழ்பெற்ற படைப்புகளை அறியக் கேள்வி ஞானமே போதும் என்கிறது எதிரணி. படித்தும் கேட்டும் அனுபவித்தே தீரவேண்டும் என்பது எங்கள் கட்சி.

எதிரணித் தலைவர் செர்வாண்டிஸ் எழுதிய ‘டான் குவிக்ஸாட்’ என்ற ஸ்பானிய நாவலை எடுத்தார். காற்றாலையை அரக்கன் என்று எண்ணி ஈட்டியோடு பாய்ந்தவர் கதை, அது தெரிந்தால் போதாதா என்றார். ஐயா, அந்தச் சண்டை முதல் பாகத்தின் 8ஆம் அத்தியாயத்தில், ஓரிரு பக்கங்களில் முடிந்துவிடுகிறது. 1605இல் வந்த முதல் பாகத்தில் 52 அத்தியாயங்கள். 1615இல் வந்த இரண்டாம் பாகத்தில் 74. அந்த இரண்டாம் பாகத்தில், முதல் பாகத்தைப் படித்தவர்களே பாத்திரங்களாக வருகிறார்கள்! ஒரு பிரபுவும் அவர் மனைவியும், ‘இவரைத்தான் படித்துவிட்டோமே’ என்ற துணிச்சலில் முதியவரான குவிக்ஸாட்டை ஆட்டிவைக்கிறார்கள். வேடிக்கைக்காக அவருடைய பணியாள் சாஞ்சோவை ஆளுநராக்குகிறார்கள். எழுத்தறியாத அவனோ வழக்குகளுக்குத் தெளிவான தீர்ப்புச் சொல்லி ஊரையே வியக்கவைக்கிறான். நாவலின் உச்சம் இதுதான் என்பேன். காற்றாலையோடு நின்றவருக்கு இது கிடைக்குமா?

நேரமில்லை என்கிறீர்கள். மொத்தம் 126 அத்தியாயங்கள். நாளுக்கு இரண்டு படித்தால் 63 நாள். முதல் பாகத்தில் 33 முதல் 35 வரை வாசிப்பு தடைப்படலாம். மூலக்கதை நின்று, விடுதியில் பாதிரியார் வாசித்துக்காட்டும் வேறொரு கதை அங்கே ஓடும். சலித்தால் தாண்டுங்கள். ஆனால் 35இல், மது நிரம்பிய தோற்பைகளை அரக்கனாக எண்ணி வெட்டும் இடத்தை மட்டும் விடாதீர்கள்.

‘ஃபிராங்கன்ஸ்டைன்’ இன்னும் வேதனை. ஒருவன் உருவாக்கி உயிரூட்டிய கோர உருவத்தின் கதை அது. 1931 திரைப்படத்தில் அந்த உருவம் பேசாது; பலர் மனத்தில் நிற்பது அந்த ஊமை உருவம்தான். 1818இல் வந்த நாவலிலோ அது ஒளிந்திருந்து ஒரு குடும்பத்தின் பேச்சைக் கேட்டு மொழி கற்கிறது, ஆங்கிலக் கவிஞர் மில்டனைப் படிக்கிறது, தன்னை ஏன் கைவிட்டாய் என்று படைத்தவனிடமே வாதாடுகிறது.

அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜின் 4 நிமிடம் 33 வினாடிப் படைப்பை ‘வெறும் மௌனம்’ என்று ஒதுக்கினார்கள். 1952இல் பியானோ கலைஞர் டேவிட் டியூடர் அதை மூன்று பகுதிகளாக அரங்கேற்றினார். பகுதி தொடங்கும்போது பியானோ மூடியைச் சாத்தினார், முடிந்ததும் திறந்தார். ஒரு சுரமும் இல்லை. வெளிக்காற்று, கூரையில் மழைத்துளி, பொறுமையிழந்தவர்களின் பேச்சு, இவையே அன்றைய இசை. இதன் பதிவைக் காதை அடைக்கும் இயர்போனில் கேட்டால் படைப்பே அடைபட்டுப்போகும். சுற்றியுள்ள ஓசைதானே அங்கே இசை!

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். கலைஞர் மார்செல் டுஷாம்ப் 1917இல் கலைப்படைப்பாக முன்வைத்த சிறுநீர்க்கலம் ‘நீரூற்று’ தொலைந்துவிட்டது. எஞ்சியவை புகைப்படங்களும் பிற்காலப் படிகளும்தான். அதற்குக் கேள்வி ஞானம் போதும் என்றால் மறுக்கமாட்டேன். மூலம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் நாவலுக்கும் அதே சலுகை கேட்பது நியாயமில்லை. தீர்ப்பை எங்கள் பக்கம் தருமாறு வேண்டுகிறேன். நன்றி, வணக்கம்.