கோடரிக் கீறலும் பத்தாயிரம் வாரிசுகளும்

நேயர்களுக்கு வணக்கம்.

1636ஆம் ஆண்டு ஜூலை 27ஆம் தேதி. கனடாவில் இன்றைய கியூபெக் நகரத்துக்குப் பக்கத்தில், செயின்ட் லாரன்ஸ் ஆற்றங்கரையில் ஒரு கல்யாண ஒப்பந்தம் எழுதினார்கள். மாப்பிள்ளை ரொபேர் துருவேன், செங்கல் அறுப்பவர். பெண் ஆன் குளூத்தியே. அவளுக்குப் பத்து வயது. பத்திரத்தை எழுதியவர் ஷான் கியோன் என்ற கொத்தனார். பெண்ணின் தகப்பனார் சக்காரி குளூத்தியேவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அதனால் பெயர் வரவேண்டிய இடத்தில் ஒரு கோடரியை வரைந்து வைத்தார். தச்சர் அல்லவா! கனடாவில் இன்றைக்கும் மிஞ்சியிருக்கும் கல்யாண ஒப்பந்தங்களில் இதுதான் மிகப் பழையது. பெண்ணுக்குப் பதினொரு வயது நடக்கும்போது, 1637 ஜூலை 12 அன்று, கோயில் கல்யாணம் நடந்தது.

அந்தக் கோடரிக்காரரின் வம்சத்தைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

சக்காரி பிறந்தது 1590 வாக்கில், பிரான்சின் பெர்ஷ் பகுதியில் உள்ள மொர்த்தாஞ் என்ற ஊரில். 1616 ஜூலை 18 அன்று அதே ஊர் செயின்ட் ஜான் கோயிலில் சேந்த் துப்போன் என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டார். ஆறு பிள்ளைகள்; தாயின் பெயரைத் தாங்கிய ஒரு மகள் சிறு வயதிலேயே தவறிவிட்டாள். மிஞ்சியவர்கள் ஐவர்: சக்காரி, ஷான், ஆன், ஷார்ல், லூயிஸ். இந்த ஐந்து பேரையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

1634 ஜனவரியில் ரொபேர் ஜிஃபார் என்பவருக்குப் போப்போர் என்ற இடம் ஜமீனாகக் கிடைத்தது. ஆற்றோரமாக ஒரு லீக் நீளம், உள்ளே ஒன்றரை லீக் ஆழம்; லீக் என்பது அந்தக் காலப் பிரெஞ்சு அளவு, நான்கைந்து கிலோமீட்டர். முழுக்கக் காடு. காட்டை வைத்துக்கொண்டு ஜமீன்தார் என்ன செய்வார்? வீடு கட்ட ஆள் வேண்டும், மரம் வெட்ட ஆள் வேண்டும். அவ்வாண்டு மார்ச் 14 அன்று மொர்த்தாஞ்சில் தச்சர் குளூத்தியேவோடும் கொத்தனார் கியோனோடும் ஒப்பந்தம் போட்டார். கப்பல் செலவும் சாப்பாடும் தங்குமிடமும் ஜிஃபார் பொறுப்பு. வேலைக்கு ஈடாக நிலம். ஜூன் மாதம் கியூபெக்கில் வந்து இறங்கினார்கள். அப்போது குளூத்தியேவுக்கு நாற்பது தாண்டிவிட்டது. குடியேற வந்த பெரும்பாலோர் கல்யாணமாகாத இளைஞர்கள்; இவரோ பிள்ளைகளும் தொழிலும் உள்ள குடும்பஸ்தர். இவர் வம்சம் இத்தனை பெருகியதற்கு முதல் காரணமே அதுதான்.

கிடைத்த நிலத்துக்கு லா குளூத்ரி என்று பெயர். பக்கத்து நிலம் கியோனுடையது. ஜிஃபாருக்கும் இவர்களுக்கும் சீக்கிரமே முட்டிக்கொண்டது. நிலம் பெற்றவர்கள் ஜமீன் வீட்டு வாசலில் மண்டியிட்டு விசுவாசம் சொல்லவேண்டும் என்பது பிரெஞ்சு வழக்கம். உழைத்து வாங்கிய நிலத்துக்கு எதற்கு மண்டியிட வேண்டும் என்று இருவரும் மறுத்தார்கள். வழக்கு ஆளுநர் மோன்மாஞி வரை போனது. தீர்ப்பு ஜிஃபார் பக்கம். 1646 ஜூலையில் கியோன் ஜமீன் வீட்டுக் கதவைத் தட்டினார். திறந்தது அங்கே வேலை பார்த்த குடியானவர். ஜமீன்தார் ஊரில் இல்லை. இருந்தாலும் தலையில் தொப்பியின்றி, வாளும் குதிமுள்ளும் இன்றி, மண்டியிட்டு, "போப்போர் துரை அவர்களே" என்று மூன்று முறை அழைத்து, ஆளில்லாத வாசலுக்கு விசுவாசம் சொல்லி முடித்தார். இது பத்திரமாகவே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. சடங்கு என்றால் சடங்குதான்!

குளூத்தியே மெல்ல வேறு பக்கம் நகர்ந்தார். 1652இல் ஆளுநர் லோசோனிடம் ஷத்தோ ரிஷேயில் நிலம் வாங்கிக்கொண்டார். 1670இல் பழைய லா குளூத்ரியை விற்றுவிட்டார். 1677 செப்டம்பரில் ஷத்தோ ரிஷேயிலேயே காலமானார். மனைவி சேந்த் 1680இல். அறுபத்தொரு வருட இல்லறம்.

இப்போது அந்த ஐந்து பிள்ளைகள். மூத்தவர் சக்காரி பெண் தேடிப் பிரான்சுக்கே போய், 1648இல் லா ரொஷேல் துறைமுக ஊரில் மணமுடித்துத் திரும்பினார். குடியேற்றத்தில் அந்தளவுக்குப் பெண் பஞ்சம். அதே ஆண்டு ஷான், ஆபிரகாம் மார்த்தேன் என்பவருடைய மகள் மாரியை மணந்தார். கியூபெக் நகரின் ஆபிரகாம் சமவெளிக்குப் பெயர் தந்தவர் அந்த ஆபிரகாம்தான். ஷார்ல் 1659இல் லூயிஸ் மொரேனைக் கட்டினார். கடைக்குட்டி லூயிஸுக்கு 1645இல், பதின்மூன்று வயதில், முதல் கல்யாணம். கணவர் மொழிபெயர்ப்பாளர் பிரான்சுவா மார்கெரி. 1648இல் அவர் ஆற்றில் மூழ்கி இறந்துபோக, அந்த வருடமே இரண்டாம் கல்யாணம். விதவையாய் உட்காரும் வழக்கம் அங்கே இல்லை. நாம் முதலில் பார்த்த ஆன், பாவம், 1648இலேயே இறந்துவிட்டாள். இரண்டு பெண் குழந்தைகள் தங்கினார்கள்.

குளூத்தியே என்ற குடும்பப் பெயர் மூன்று ஆண் பிள்ளைகள் வழியாக மட்டுமே போகும். பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் ஆனும் லூயிஸும் அவர்கள் வயிற்றுப் பிள்ளைகளும் கணக்கிலேயே வரமாட்டார்கள். மகன் வயிற்றுப் பேரன் மட்டும்தான் பேரனா, மகள் வயிற்றுப் பேரன் இல்லையா? மாண்ட்ரியால் பல்கலைக்கழகத்தில் 1966இல் தொடங்கிய மக்கள்தொகை வரலாற்று ஆய்வுத் திட்டம், பழைய கோயில் பதிவேடுகளை ஒன்றுவிடாமல் கணினியில் ஏற்றி, ஆண்வழி பெண்வழி இரண்டையும் சேர்த்து எண்ணியது. 1800க்கு முன்பு கல்யாணமான வாரிசுகள் மட்டும் சக்காரி தம்பதிக்கு 10,850 பேர். முதலிடம் அவர்களுக்குத்தான். கொத்தனார் கியோனுக்கு 9,674.

இந்த எண்ணைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். கல்யாணத்துக்கு முன் இறந்த குழந்தைகள் இதில் இல்லை. 1800க்குப் பிறகு வந்தவர்களும் இல்லை. இந்த இரு குடும்பங்களும் கொண்டு கொடுத்தவை. ஆகவே பாதிப் பெயர்கள் இரண்டு கணக்கிலும் இருந்தால்கூட ஆச்சரியமில்லை. பழைய பிரெஞ்சுக் கனடியக் குடும்பத்தில் வந்த ஒருவர் தன் வம்சாவளியை வரைந்தால், சக்காரி ஒரே தாளில் நான்கைந்து இடங்களில் தலைகாட்டுவது சாதாரணம்.

இவ்வளவு துல்லியமாக எப்படி எண்ண முடிந்தது? அந்த ஊர்க் கல்யாணப் பதிவு எழுதப்பட்ட விதம்தான் காரணம். மாப்பிள்ளையின் தாய் தந்தை பெயர், பெண்ணின் தாய் தந்தை பெயர், அவர்கள் எந்தப் பங்கு (ஒரு கோயிலின் கீழ் வரும் ஊர்ப் பகுதி), எல்லாம் இருக்கும். தாயின் பெயர் அவளுடைய பிறந்த வீட்டுப் பெயராகவே இருக்கும். ஒரு பெண் ஞானஸ்நானம் முதல் அடக்கம் வரை பதிவேட்டில் தகப்பன் வீட்டுப் பெயரோடுதான் வருவாள். கியூபெக்கில் 1981 முதல் சட்டமே அப்படித்தான்.

ஆகவே தேடுபவர் பிடிக்கவேண்டிய கயிறு கல்யாணப் பதிவு. பிறந்த தேதியைத் துரத்தினால் வழி தவறும். தாத்தா பாட்டியின் கல்யாணத்தில் தொடங்கவேண்டும். அதில் அவர்களின் பெற்றோர் பெயர் கிடைக்கும். அந்தப் பெற்றோரின் கல்யாணத்தைத் தேடவேண்டும். இப்படிப் படிப்படியாய் இறங்கினால் பத்துப் பன்னிரண்டு கல்யாணங்களில் 1616ஆம் ஆண்டு மொர்த்தாஞ்சில் போய் நிற்கலாம்.

தடுக்கி விழும் இடங்களும் உண்டு. கல்யாணம் வழக்கமாகப் பெண் வீட்டுப் பங்கில் நடக்கும். மாப்பிள்ளை ஊர்ப் பதிவேட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு "பதிவே இல்லை" என்று கைவிட்டவர்கள் ஏராளம். அடுத்தது பெயர்க் குழப்பம். அப்பா சக்காரி, மகன் சக்காரி, பேரனும் சக்காரி. குழந்தை இறந்தால் அடுத்த குழந்தைக்கும் அதே பெயர். ஆகவே ஞானஸ்நானப் பதிவைப் பார்த்ததும் இவர்தான் என்று முடிவு கட்டக்கூடாது. அடக்கப் பதிவில் அந்தக் குழந்தை இருக்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டும். 19ஆம் நூற்றாண்டில் இன்னும் மோசம்: ஆண் குழந்தை என்றால் முன்னால் ஜோசப், பெண் என்றால் மாரி. கூப்பிடும் பெயர் அதற்குப் பின்னால் எங்கேயோ இருக்கும்.

1640 ஜூன் 14 அன்று கியூபெக் கோயில் எரிந்தது. பதிவேடும் போயிற்று, ஞாபகத்திலிருந்து திரும்ப எழுதினார்கள். ஆகவே அதற்கு முந்தைய தேதிகளுக்குப் பத்திரங்களையும் ஒத்துப் பார்ப்பதே நல்லது. பத்திரங்களோ ஊர்வாரியாக இருக்காது, எழுதிய நோட்டரியின் பெயரில் கட்டுக்கட்டாக இருக்கும். அந்தக் காலத்தில் அந்தக் கரையில் யார் யார் நோட்டரி என்று முதலில் தெரிந்துகொள்ளவேண்டும்.

இன்னொரு துப்பு, உறவு விலக்கு. பொதுவான மூதாதையிலிருந்து நான்கு தலைமுறைக்குள் உறவிருந்தால் திருச்சபை அனுமதி வாங்கவேண்டும். நம் முறைப்பெண் அவர்கள் கணக்கில் இரண்டாம் படித் தடை! பதிவில் "மூன்றுக்கு நான்காம் படி விலக்கு" என்றிருந்தால், ஒரு பக்கம் மூன்று தலைமுறை, மறுபக்கம் நான்கு தலைமுறை மேலே போனால் இருவரும் சந்திப்பார்கள் என்று பொருள். காணாமல் போன கண்ணியை இதை வைத்தே கண்டுபிடிக்கலாம்.

குடும்பப் பெயரும் நிலையாக நிற்காது. கியோனின் பிள்ளைகளில் ஒருவர் தெப்ரே, ஒருவர் து ரூவ்ரே என்று நிலத்துப் பெயரை ஒட்டிக்கொண்டார்கள். கியோன் என்பதே பிறகு தியோன் ஆயிற்று. பாடகி செலின் தியோனின் பெயர் அங்கிருந்து வந்ததுதான். ஆற்றோரத்தில் கீற்றுக் கீற்றாக அளந்த நிலம், பிள்ளைக்குப் பிள்ளை பிரிக்கப் பிரிக்க ஒரு ஏர் திரும்பக்கூட இடமில்லாமல் போனது. 1840 முதல் 1930 வரை ஏறக்குறைய ஒன்பது லட்சம் பேர் எல்லை தாண்டி அமெரிக்கா போனார்கள். அதிலும் பெரும் பகுதி நியூ இங்கிலாந்தின் பஞ்சாலைகளுக்கு. அங்கே ருவா என்பவர் கிங் ஆனார், லெப்லான் வொயிட் ஆனார், புவாவேர் கிரீன்வுட் ஆனார். குளூத்தியே என்றால் ஆணி செய்யும் கொல்லர் என்று பொருள்; ஆங்கிலக் குமாஸ்தா காதில் அது எப்படியெல்லாம் விழுந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அமெரிக்கக் குடிக்கணக்கில் ஒரு கிங்கோ வொயிட்டோ கிடைத்து, அதற்கு மேல் வழி தெரியவில்லை என்றால், ஆலை ஊரில் பிரெஞ்சுக்காரர்கள் தங்களுக்கென்று கட்டிய கோயிலின் கல்யாணப் பதிவேட்டைத் தேடுங்கள். சாமியாரும் பிரெஞ்சுக்காரர் என்பதால் பெயரைச் சரியாக எழுதியிருப்பார். மணமகளின் தாயுடைய பிறந்த வீட்டுப் பெயரும் அதே வரியில் இருக்கும்.

நன்றி, வணக்கம்.