சாயம் அடிக்கும் முன் இந்தத் துணியைப் பாருங்கள்! பழைய அம்பாசிடர் ரெக்சினைக் கழுவுவதா, நிறம் ஏற்றுவதா?

[காட்சி: வெள்ளைத் துணி, கேமராவுக்கு மிக அருகில். நடுவில் பழுப்புக் கறை.]

இந்தத் துணி காலையில் வெள்ளை வெளேரென்று இருந்தது. ஒரு 1978 அம்பாசிடரின் முன்கதவில், கை ஊன்றும் இடத்துக்கு மேலே, ஒரு சாண் அகலத்துக்குத்தான் சோப்பு நுரை போட்டுத் துடைத்தேன். கடுங்காப்பி வடிகட்டிய துணி போல ஆகிவிட்டது. இந்தக் கதவைப் பார்த்துவிட்டுத்தான் இரண்டு கடைகளில், "நிறம் செத்துப்போய்விட்டது சார், சாயம் அடித்தால்தான் உண்டு" என்று சொன்னார்கள்.

[காட்சி: கதவு. பழுப்புக்கு நடுவே ஒரு சாண் சிவப்பு.]

இதோ, செத்துப்போன நிறம். எவ்வளவு சிவப்பாக இருக்கிறது பாருங்கள்! இத்தனை வருட வியர்வையும், தலை எண்ணெயும், சிகரெட் புகையும், மேலுக்கு மேல் தேய்த்த பாலிஷும் அதை மூடியிருந்தன. அவ்வளவுதான்.

வணக்கம். இது என் சித்தப்பாவின் வண்டி, மார்க் 3. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழியில் வந்து, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 2014 வரை தயாரான கார் என்பதெல்லாம் இந்த வீடியோவைத் தேடி வந்த உங்களுக்குத் தெரிந்ததே. நேராக ரெக்சினுக்குப் போய்விடுவோம்.

ரெக்சின் என்பது முதலில் ஒரு கம்பெனியின் பெயர். மான்செஸ்டருக்குப் பக்கத்தில் ஹைட் என்ற ஊரில், துணிமேல் நைட்ரோசெல்லுலோஸ் பூசித் தோல் மாதிரிச் செய்தார்கள். இன்று நாம் ரெக்சின் என்று சொல்வது பெரும்பாலும் பிவிசி பூசிய துணி, அதாவது வினைல்.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வருகிறது. உங்கள் வீட்டுத் தண்ணீர்க் குழாயும் பிவிசிதான். குழாயை வளைத்தால் உடையும். சீட்டோ மெத்தென்று அமுங்குகிறது. ஒரே பொருள் எப்படி இரண்டு விதமாக நடந்துகொள்கிறது? சீட்டில் இருக்கும் பிவிசிக்குள் எண்ணெய் போன்ற ஒரு திரவத்தைக் கலந்திருக்கிறார்கள். அதற்குப் பெயர் பிளாஸ்டிசைசர். 1926இல், அமெரிக்காவின் பி.எஃப். குட்ரிச் கம்பெனியில் வால்டோ சீமன் என்ற வேதியியலாளர், ரப்பரை உலோகத்தோடு ஒட்டவைக்கப் பசை தேடிக்கொண்டிருந்தார். தேடிய பசை கிடைக்கவில்லை. ரப்பர் போல வளையும் பிவிசி கிடைத்தது.

அந்தத் திரவம் போட்ட இடத்தில் நிரந்தரமாக இருப்பதில்லை. வெயிலில் நிறுத்திய காரின் முன்கண்ணாடியை உள்பக்கமாக விரலால் தொட்டுப் பாருங்கள். மங்கலாக ஒரு படலம் இருக்கும், கோடு போட்டால் விழும். வெளியிலிருந்து வந்த புழுதி என்று நினைத்துத் துடைத்துக்கொண்டே இருக்கிறோம். அதில் ஒரு பங்கு, சூடேறிய வினைலிலிருந்து ஆவியாகக் கிளம்பிக் கண்ணாடியில் படிந்த அதே எண்ணெய்! இன்னொரு பங்கு ரெக்சினின் மேற்பரப்புக்கு வந்து பிசுபிசுவென்று நிற்கும். அதில் புழுதி ஒட்டும், அதன்மேல் மறுபடி எண்ணெய் கசியும், மறுபடி புழுதி. உலர்ந்த துணியால் நீங்கள் எவ்வளவு தேய்த்தாலும் அழுக்கு போகாததற்குக் காரணம் இதுதான். அதற்குச் சோப்பு வேண்டும்.

எண்ணெய் நிறையப் போய்விட்டால் ரெக்சின் விறைத்து, தையல் ஓரமாகப் பிளக்கும். அந்த நிலைக்கு வந்ததைக் கழுவியும் பயனில்லை, நிறம் ஏற்றியும் பயனில்லை. ரெக்சினையே மாற்ற வேண்டும்.

சரி, சாயம். டப்பாவில் "வினைல் டை" என்று எழுதியிருக்கும். அந்தப் பெயரை நம்பாதீர்கள். சாயம் என்றால் மருதாணி மாதிரி உள்ளே இறங்க வேண்டும். மருதாணி தோலில் ஊறுகிறது, கையை எத்தனை முறை கழுவினாலும் அது பாட்டுக்கு இருக்கிறது. டப்பாவில் இருப்பது நெயில் பாலிஷ். மேலே உட்காரும், வளைந்து கொடுக்கும் ஒரு பெயின்ட். நல்ல ரகமாக இருந்தால் அதிலுள்ள கரைப்பான் வினைலின் மேல்தோலைக் கொஞ்சம் இளக்கி, பெயின்டைப் பிடித்துக்கொள்ளச் செய்யும். அப்போதும் அது பெயின்ட்தான். எண்ணெய்ப் பசையுள்ள நகத்தில் நெயில் பாலிஷ் போட்டால் என்ன ஆகும் என்று வீட்டில் உள்ளவர்களைக் கேளுங்கள். தகடு தகடாகப் பெயர்ந்து வரும்.

[காட்சி: பின்கதவு. உரிந்து தொங்கும் சிவப்புப் படலத்தை விரலால் இழுக்கிறேன்.]

இது இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கடையில் நிறம் ஏற்றிய பின்கதவு. கழுவாமல், சிலிக்கோன் பாலிஷின் மேலேயே அடித்துக் கொடுத்துவிட்டார்கள். மூன்றாம் மாதமே உரியத் தொடங்கியது. இந்தச் சின்னச் சின்னப் பள்ளங்களைப் பார்க்கிறீர்களா? பெயின்டர்கள் இதை ஃபிஷ் ஐ என்பார்கள். சிலிக்கோன் இருக்கும் இடத்தில் பெயின்ட் நிற்காமல் விலகி ஓடிய தடம். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. அடியில் இருந்தது கம்பெனியில் போட்ட ரெக்சின்!

இன்னொரு நஷ்டமும் உண்டு. செட்டிநாட்டுப் பக்கம் பழைய வீடுகளில், செதுக்கிய நிலைக்கதவுக்கு வருடா வருடம் எனாமல் அடித்து, யாளியின் பல்லெல்லாம் மழுங்கிப் போயிருக்கும், பார்த்திருக்கிறீர்களா? ரெக்சினுக்கும் அதேதான் நடக்கும். அதன்மேல் தோல் போல அழுத்திய நுண்வரிகளை ஒவ்வொரு பூச்சும் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துவிடும். முன்கதவில் விரல் வைத்தால் வரி தட்டுப்படுகிறது. பின்கதவில் வழுக்குகிறது.

ஆகவே முதலில் கழுவுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு. மென்மையான பிரஷ். ஒரு நேரத்தில் ஒரு சாண் இடம், அதற்கு மேல் போகாதீர்கள். நுரை காய்வதற்குள் ஈரத்துணியால் எடுத்துவிடுங்கள். துணியில் பழுப்பு ஏறுவது நிற்கும் வரைக்கும் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். இந்தக் கதவுக்கு ஐந்து முறை ஆனது. தண்ணீரை ஊற்றவே கூடாது, நுரையை மட்டும் வைத்துத் தேய்க்க வேண்டும். கதவு ரெக்சினுக்குப் பின்னால் இருப்பது ஹார்டுபோர்டு. நனைந்தால் ஊதி வளையும், கிளிப்புகள் பிடிக்காது. தின்னர், அசிட்டோன் இரண்டையும் ஷெட்டைவிட்டே வெளியே வையுங்கள், அவை வினைலையே இளக்கிக் கெடுத்துவிடும். மேஜிக் ஸ்பாஞ்ச் என்று விற்கும் வெள்ளைக் கட்டி உண்மையில் மிக நுண்ணிய உப்புத்தாள் மாதிரி. அழுக்கோடு மேற்பரப்பையும் சேர்த்து உரசும்.

துடைத்த துணியில் பழுப்பு வந்தால் அழுக்கு, தொடருங்கள். ரெக்சினின் நிறமே வந்தால் நிறுத்துங்கள். முன்பே யாரோ நிறம் ஏற்றியிருக்கலாம், அல்லது மேற்பரப்பு சிதைந்திருக்கலாம்.

கழுவி முடித்தபின் பின்சீட்டின் அடிப்பாகத்தைத் தூக்குங்கள். வெயில் படாமல் மடிந்து கிடக்கும் ரெக்சின் ஓரத்தில் வண்டியின் முதல் நாள் நிறம் இருக்கும். அதன் பக்கத்தில் வெள்ளைக் காகிதம் வைத்து ஒரு படம், கழுவிய கதவோடு வைத்து ஒரு படம். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் சாயத்துக்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள்.

எப்போது நிறம் ஏற்றலாம்? வெயில் நேராக விழும் இடங்களில். புற ஊதாக் கதிர் பிவிசியின் மூலக்கூறையே உடைத்து, மஞ்சளாகவும் பழுப்பாகவும் மாற்றிவிடும். அது சோப்பில் போகிற பழுப்பல்ல. கை உரசி உரசி நிறம் தேய்ந்த இடத்துக்கும், வேறு நிற வண்டியிலிருந்து எடுத்துப் பொருத்திய பாகத்துக்கும் ஏற்றலாம். எங்கள் வண்டியில் பின்கண்ணாடிக்குக் கீழே உள்ள பலகைக்கு மட்டும்தான் ஏற்றப் போகிறேன்.

செய்முறை சுருக்கமாக: நன்றாகக் கழுவி, உலரவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் லேசாகத் துடையுங்கள். பனி படிவது போல மூன்று நான்கு மெல்லிய பூச்சு, ஒவ்வொன்றும் உலர்ந்தபின் அடுத்தது. கெட்டிப் பிளாஸ்டிக் பாகமாக இருந்தால் அதற்கான பிரைமர், அதாவது பெயின்ட் பிடிப்பதற்கான அடிப்பூச்சு, வேண்டும். பளபளப்பு ரகம் வேண்டாம், கண்ணாடியில் பிரதிபலித்துக் கண்ணைக் கூசும். மழை நாளில் அடிக்காதீர்கள், ஈரப்பதத்தில் பூச்சு வெளுத்துப் போகும். மாஸ்க் போட்டுக்கொண்டு திறந்தவெளியில் செய்யுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். அம்பாசிடரோ, பத்மினியோ, ஹெரால்டோ, வீட்டில் எது நின்றாலும் இந்த ஞாயிற்றுக்கிழமை பின்சீட்டைத் தூக்கி, அந்த மறைவான ஓரத்தின் படத்தையும் வண்டியின் வருடத்தையும் எனக்கு அனுப்புங்கள். கடையில் சாயம் கலக்கும்போது காட்டுவதற்கு அந்த நிறம் நமக்கு வேண்டும்.

[காட்சி: பாதி கழுவிய கதவு. மீதிப் பாதியில் பிரஷ் இறங்குகிறது.]