கடைசியாகக் கேட்ட நாள்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். சித்திரை வெயிலில் பறவைகளைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது, ஐப்பசியில் பேசியிருக்கலாமே என்று பஸ்ஸில் ஒரு நண்பர் கேட்டார். எல்லோரும் ஐப்பசியில்தான் பேசுகிறார்கள். வலசைப் பறவைகள் வந்து இறங்கும்போது நமக்கெல்லாம் உற்சாகம். அவை கிளம்பிப் போவதை யாரும் கவனிப்பதில்லை. எனக்கு அந்தக் கிளம்பல்தான் பைத்தியம்.

என் வீடு அம்பாசமுத்திரம் பக்கம். கொல்லையில் இரண்டு பலா, ஒரு மா, மூலையில் சருகுக் குவியல். அந்தச் சருகுக்கு வருடம் தவறாமல் ஒரு விருந்தாளி உண்டு, ஆறுமணிக்குருவி. மைனா அளவுதான் இருக்கும். வாலை யாரோ நறுக்கிவிட்ட மாதிரி குட்டை. முதுகு பச்சை, வயிறு மங்கின மஞ்சள், வாலுக்கு அடியில் சிவப்பு, இறக்கையில் கொஞ்சம் நீலம், கண்ணுக்கு மை இழுத்தது போல் ஒரு கறுப்புப் பட்டை. இந்தியில் இதை நவரங் என்பார்கள். அவர்கள் நிறத்தைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள், நாம் குரலைக் கேட்டு வைத்தோம். காலை ஆறு மணிவாக்கில், மாலை ஆறு மணிவாக்கில், இரண்டே சுரத்தில் ஒரு விசில். பார்க்காதவர்கள்கூட நிச்சயம் கேட்டிருப்பீர்கள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று யாரோ ஆளைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும்.

புரட்டாசி, ஐப்பசியில் வரும். சித்திரையில் போய்விடும். மத்திய இந்தியா, இமயமலை அடிவாரம் என்று வடக்கே போய், மழைக்காலத்தில் அங்கே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும்.

முதல் வருடம் அது வந்த தேதியை நாள்காட்டியில் பெரிதாக எழுதி வைத்தேன். வைகாசியில் ஒருவர் கேட்டார், “சார், எப்போது போனது?” சித்திரை விசுவுக்குப் பாபநாசம் போனோமே, அன்று காலையில்கூடக் கூவியது என்றேன் நான். இல்லவே இல்லை, அதற்கு நாலு நாள் முன்பே சத்தம் நின்றுவிட்டது என்றாள் என் மனைவி. அவளுக்கு எப்படித் தெரியும்? அந்தக் குருவி இருக்கிறவரை சருகைக் கூட்டக்கூடாது என்று நான் அவளைப் பாடாய்ப் படுத்தியிருந்தேன். சத்தம் நின்றதும், விசுவுக்கு ஆள் வருவார்களே என்று கொல்லையை முழுக்கக் கூட்டிவிட்டாள்.

“நீ கூட்டினதால்தான் அது போய்விட்டது” என்றேன்.

“அது போனதால்தான் நான் கூட்டினேன்” என்றாள்.

இந்த வழக்கு இன்னும் தீரவில்லை. தீர்க்கவும் முடியாது, ஏனென்றால் என்னிடம் ஆதாரம் இல்லை. வந்த நாளை எவரும் எழுதிவிடலாம், அன்று குருவி கண்முன்னே நிற்கிறது. போன நாள் அப்படியில்லை. கடைசியாகக் கூவிய மாலை, மற்ற மாலைகளைப் போலத்தான் இருக்கும். அதுதான் கடைசி என்று நமக்குத் தெரிய இன்னும் நாலைந்து நாள் ஆகும். அதிலும் இந்த மாதிரிச் சின்னப் பறவைகள் பெரும்பாலும் இராத்திரியில் கிளம்புகின்றன. பகலெல்லாம் பூச்சி தின்று கொழுப்பு சேர்த்துவிட்டு, வெயில் தாழ்ந்து, வல்லூறு பயம் ஓய்ந்த பிறகு பறக்கும். நாம் அப்போது தூங்கிக்கொண்டிருப்போம்.

அதனால் அப்புறம் முறையை மாற்றினேன். தினமும் தேதித் தாளைக் கிழிக்கும்போது, ராகுகாலத்துக்குப் பக்கத்தில், கேட்டால் ஒரு புள்ளி, கேட்காவிட்டால் ஒரு கோடு. அவ்வளவுதான். கிழித்த தாள்களைக் கடையில் பில் குத்துகிற மாதிரி ஒரு கம்பியில் குத்திவிடுவேன். புள்ளி நின்று கோடு தொடங்குகிற இடம்தான் கடைசி நாள். கேட்டாலும் கேட்காவிட்டாலும் எழுத வேண்டும், அதை மறந்துவிடாதீர்கள்.

போகும் நேரம் அதற்கு எப்படித் தெரிகிறது என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். பகல் நீளுவது ஒரு அடையாளம். ஆனால் நம் திருநெல்வேலிப் பக்கம் வருடத்தின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் சுமார் ஒரு மணி நேரம்தான் வித்தியாசம். அதோடு பறவையின் உடம்புக்குள்ளேயே ஒரு வருடக் கணக்கும் ஓடுகிறது.

இங்கே ஒரு மனக்குறையைச் சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்துப் பறவைகள் சரணாலயமான கூந்தன்குளத்தில் வெளிநாட்டுப் பறவைகள் வந்து முட்டையிட்டதாகப் பத்திரிகையில் அடிக்கடி படிக்கிறோம். ஊருக்குள் இருக்கிற மரங்களில் கூடு கட்டுகிற கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் நம் நாட்டுப் பறவைகள் ஐயா! தண்ணீரையும் மீனையும் தேடி ஒரு குளத்திலிருந்து இன்னொரு குளத்துக்குப் போய்வருகிறவை. உண்மையான வெளிநாட்டு விருந்தாளி, மங்கோலியா, திபெத் பக்கமிருந்து வரும் வரித்தலை வாத்து. அது இங்கே மேயும், தூங்கும், ஒரு முட்டைகூட இடாது. பனிக்காலம் கழிக்க வந்தது இங்கே கூடு கட்டாது. இதை எத்தனை முறை சொன்னாலும் அடுத்த தையில் அதே செய்தி வரும். சரி, விடுங்கள்.

தூத்துக்குடி உப்பளங்களைப் பற்றி விரிவாகச் சொல்ல இரண்டு தாள் எழுதி வந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடமாம். சுருக்கமாகச் சொல்கிறேன். அங்கே இருக்கும் கரைப்பறவைகள் கிளம்புமுன் உடை மாற்றும், அதாவது இறகின் நிறம் மாறும். குளிர்காலம் முழுக்கச் சாம்பலாகத் திரிந்த வளைமூக்கு உள்ளான் இப்போது செங்கல் நிறத்துக்கு வந்துகொண்டிருக்கும். பொன்னிற உப்புக்கொத்திக்கு முகமும் வயிறும் கறுக்கும். இரண்டுமே சைபீரியாவின் வடகோடிக்குப் போகிறவை. காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள், அதற்குமேல் கானலில் ஒன்றும் தெரியாது. தொப்பி கட்டாயம்.

தந்திக் கம்பியில் வரிசையாக உட்காரும் தகைவிலான் குருவியைச் சொல்ல நேரமில்லை.

ஆறுமணிக்குருவிக்கு நேற்றோடு நாலு கோடு ஆகிவிட்டது. பழுப்புக் கீச்சான் மட்டும் இன்று காலையிலும் முருங்கையில் உட்கார்ந்து கத்தியது. புள்ளி வைத்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். சருகை இன்னும் கூட்டவில்லை. வணக்கம்.