நிலத்தைப் பார்த்து நடக்கவேண்டிய ஊர்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம். கைத்தொலைபேசியின் கமெரா காட்டும் உண்மைக் காட்சியின்மேல் கற்பனை உருவங்களைத் தோன்றச்செய்து, அவற்றைத் தேடி நம்மை வெளியே நடக்கவைக்கும் மிகை மெய்ம்மை விளையாட்டுகளால் உடல்நலத்துக்கு நன்மையே மிகுதி என்று எதிரணித் தலைவர் வாதிட்டார். கேடே மிகுதி என்பது எங்கள் அணியின் வாதம்.

போக்கிமோன் கோ என்ற இத்தகைய விளையாட்டில் ஆழ்ந்து ஈடுபட்டவர்கள் 30 நாள்களில் நாளொன்றுக்குச் சராசரியாக 1,473 காலடிகள் கூடுதலாக நடந்தார்கள் என்ற அமெரிக்க ஆய்வை அவர் எடுத்துக்காட்டினார். அந்தக் கணக்கை நான் மறுக்கவில்லை. அதற்குப் பிறகு என்ன ஆனது என்றே கேட்கிறேன். 2016 டிசம்பரில் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வு, 18 முதல் 35 வயது வரையான அமெரிக்கர்களின் நடையைத் தொலைபேசிப் பதிவுகளைக்கொண்டு அளந்தது. முதல் வாரத்தில் நாளொன்றுக்கு 955 காலடிகள் கூடின. பின்னர் படிப்படியாகக் குறைந்து, ஆறாம் வாரத்தில் நடை பழைய அளவுக்கே திரும்பிவிட்டது. நீரிழிவையும் இரத்த அழுத்தத்தையும் தடுக்க ஆண்டுக்கணக்கில் நடக்கவேண்டும். மாலையானால் கரப்பந்தாட்டத் திடலுக்கு ஓடுகின்ற எங்கள் கிராமத்து இளைஞரை அங்கே இழுப்பது தோழர்களின் அழைப்பு. அது ஆறு வாரத்தில் அலுப்பதில்லை.

வீட்டை விட்டு வெளிவரத் தயங்கும் ஒருவரை இவ்விளையாட்டு வெளியே அழைத்துவரக்கூடும் என்பதை மனதார ஏற்கிறேன். ஆனால் விளையாடுபவர் தேடிச்சென்று பொருள்களைச் சேர்க்கும் தரிப்பிடங்கள் நகரங்களில் செறிந்தும் கிராமங்களில் அரிதாகவும் இருக்கின்றன. ஆகவே அந்த நன்மையும் நகரத்தாருக்கே கூடுதலாகக் கிடைக்கிறது.

இனி ஆபத்தைப் பார்ப்போம். 2016 ஓகஸ்டில் யப்பானின் தொக்குஷிமாவில், விளையாடிக்கொண்டே வாகனம் ஓட்டிய ஒருவர் இரு பெண்களை மோத, அவர்களில் ஒருவர் இறந்தார். அந்தப் பெண் விளையாடவில்லை, நடுவர் அவர்களே. விளையாடுபவரின் கவனம் சிதறுவதற்கான விலையை வீதியில் போகும் மற்றவரும் கொடுக்கிறார். பார ஊர்திகள் விரையும், கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ9 வீதியோரமாகத்தான் எங்கள் பிள்ளைகள் சைக்கிளில் பள்ளிக்குப் போகிறார்கள்.

இவை எல்லாவற்றையும்விட என்னை அச்சுறுத்துவது வேறொன்று. 2016 யூலையில், பொஸ்னியாவின் கண்ணிவெடி ஒழிப்பு அமைப்பொன்று, போக்கிமோன் என்னும் கற்பனை உருவங்களைத் தேடி வெடிநிலங்களுக்குள் நுழையவேண்டாம் என்று மக்களை எச்சரிக்க நேர்ந்தது. அங்கே போர் முடிந்தது 1995இல். இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த எச்சரிக்கை தேவைப்பட்டது. இலங்கையில் எங்கள் போர் முடிந்தது 2009இல். வடக்கில் உள்ள முகமாலையில் அதன்பின்னும் ஆண்டுக்கணக்கில் கண்ணிவெடி அகற்றவேண்டியிருந்தது. மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் ஓரடியும் முன்வைக்கக்கூடாது என்று சொல்லித்தானே வன்னியில் பிள்ளைகளை வளர்த்தோம்? குளக்கட்டிலும் வயல் வரம்பிலும் புடையன் பாம்பு கிடக்கும், காட்டோரத்தில் மாலையில் யானை இறங்கும் என்பதால், காலடியையும் சுற்றுப்புறத்தையும் பார்த்து நடக்கவே பழக்கினோம். அந்தப் பார்வையைத் திரைக்குத் திருப்புவதுதான் இவ்விளையாட்டின் அடிப்படை.

அடுத்துப் பேசவரும் எதிரணியினரிடம் ஒன்றே கேட்கிறேன்: தொலைதூரத்தில் வரைந்த விளையாட்டு வரைபடத்தை நம்பி எங்கள் பிள்ளை அந்தப் பலகையைத் தாண்டினால், அதற்குப் பொறுப்பேற்பவர் யார்? அந்த விடையைக் கேட்டபின் தீர்ப்பை எழுதுமாறு நடுவர் அவர்களை வேண்டி அமர்கிறேன்.